பூசி மெழுகிய சுவர்



பெங்களூரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்கள் ஒரு காரியத்தை நன்றாய் அறிவார்கள். வீடு பார்க்கப் போகிற நாளில் சுவர்களெல்லாம் புதுவர்ணத்தோடு பளிச்சென்று இருக்கும். அட்வான்ஸ் கொடுத்து, ஜெபம் செய்து, குடிபுகுந்து, முதலாவது மழைக்காலம் வந்த பின்புதான் உண்மை வெளிப்படும். வர்ணம் கொப்புளித்து உதிரும். உள்ளே இருந்த ஓதம் வெளியே வந்து நிற்கும். இவ்விதமாக இடிந்துபோகிற சுவருக்கு உறுதியற்ற சாந்து பூசுகிறவர்களைக் குறித்து எசேக்கியேல் தீர்க்கதரிசியும் பேசியிருக்கிறார் (எசே. 13:10-14). அந்தச் சுவரைப் பெருமழை விழத்தள்ளும் என்பது அவருடைய எச்சரிப்பு.

குற்றத்திற்கும் இப்படி ஒரு பூச்சு உண்டு. தமிழில் அதைப் பூசி மெழுகுதல், சப்பைக்கட்டு கட்டுதல், நொண்டிச்சாக்குச் சொல்லுதல் என்று பலவிதமாய்ச் சொல்லுகிறோம். இது முழுப்பொய் அன்று. முழுப்பொய் சொல்லுகிறவன் "நான் செய்யவில்லை" என்கிறான். சாக்குச் சொல்லுகிறவன் "செய்தேன், ஆனால்" என்கிறான். பாதி உண்மை கலந்திருப்பதால் இது பாவ அறிக்கையைப் போலவே காணப்படுகிறது. ஆகையால்தான் பொய்யைக் காட்டிலும் இதை அடையாளம் கண்டுகொள்ளுவது கடினமாயிருக்கிறது.

செய்தவன் எங்கே?

தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்திருப்போம். "கண்ணாடி டம்ளர் உடைந்தது" என்பது தன்வினை. "டம்ளரை உடைத்தேன்" என்பது பிறவினை. இந்த இலக்கணத்தை யாரும் கற்றுக்கொடுக்காமலே நான்கு வயதுப் பிள்ளை அறிந்திருக்கிறது. தாய் சமையலறையிலிருந்து ஓடிவந்ததும், "அம்மா, உடைஞ்சிருச்சு" என்றுதான் சொல்லும். அந்த ஒரு சொல்லில் டம்ளர் இருக்கிறது, உடைப்பும் இருக்கிறது. உடைத்த கை மாத்திரம் காணாமற்போகிறது.

பெரியவர்களாகிய நாமும் அதே இலக்கணத்தில்தான் பேசுகிறோம். "பணம் செலவாகிவிட்டது", "வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது", "கோபத்தில் கை நீண்டுவிட்டது", "பழக்கம் ஏற்பட்டுவிட்டது". எல்லாம் தானாகவே நடந்தவை. செய்தவர் ஒருவரும் இல்லை.

சீனாய் மலையடிவாரத்தில் ஆரோன் பேசியதும் இதே பாஷைதான். ஜனங்களிடத்தில் பொன்னை வாங்கி, கருவியினால் கன்றுக்குட்டியின் உருவத்தைச் செதுக்கியவன் ஆரோனே என்று வேதம் தெளிவாய்ச் சொல்லுகிறது (யாத். 32:4). மோசே இறங்கிவந்து கேட்டபோதோ, முதலாவது ஜனங்களின் பொல்லாத குணத்தைச் சுட்டிக்காட்டினான், பின்பு, தான் பொன்னை அக்கினியில் போட்டதாகவும் அதிலிருந்து கன்றுக்குட்டி வெளிவந்ததாகவும் சொன்னான் (யாத். 32:22-24). கருவி எங்கே? செதுக்கிய விரல்கள் எங்கே? இரண்டும் அந்தப் பதிலில் இல்லை.

புலியின்மேல் ஏறியவர்

நம்முடைய நாட்களில் இதற்கு ஒரு பெரிய உதாரணம், கணினித் துறையிலிருந்தே கிடைத்தது. 2009ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி, ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் பி. ராமலிங்க ராஜு, தமது இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்நிறுவனத்தில் அப்போது 50,000க்கும் அதிகமானோர் பணிபுரிந்தார்கள். பெயரோ சத்யம். முந்தின ஆண்டில்தான் சிறந்த நிறுவன நிர்வாகத்துக்கான விருதும் அதற்குக் கிடைத்திருந்தது.

கணக்கேடுகளில் காட்டப்பட்டிருந்த ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அந்தக் கடிதம் ஒத்துக்கொண்டது. 2008 செப்டம்பரோடு முடிந்த காலாண்டுக்கு 649 கோடி ரூபாய் செயல்பாட்டு இலாபம் காட்டப்பட்டிருந்தது. உண்மையான இலாபம் 61 கோடிதான் என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரே நாளில் நிறுவனத்தின் பங்கு விலை நான்கில் மூன்று பங்குக்கு மேல் விழுந்துபோனது. அங்கே மகனையோ மகளையோ வேலைக்கு அனுப்பியிருந்த பெற்றோர் அந்த வாரத்தில் எப்படி உறங்கியிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கடிதத்தில் மெச்சத்தக்க காரியங்களும் இருந்தன. தொகைகளை எண்ணிக்கையோடு சொன்னார். சட்டத்தின் விளைவுகளுக்குத் தம்மை ஒப்புக்கொடுப்பதாகவும் எழுதினார். ஆனால் குற்றத்தை விவரிக்கிற பகுதிக்கு வரும்போது நடை மாறுகிறது. உண்மை இலாபத்துக்கும் காட்டப்பட்ட இலாபத்துக்கும் நடுவே சிறிய இடைவெளி ஒன்று தோன்றியதாம். அது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்ததாம். நிறுவனம் பிறர் கைக்குப் போய்விடுமோ, அப்போது இடைவெளி வெளிப்பட்டுவிடுமோ என்கிற பயம் இருந்ததாம். கடைசியில் அது, கீழே இறங்கினால் தின்றுவிடும் புலியின்மேல் சவாரி செய்வதைப் போல் ஆயிற்றாம். கூடவே, இதனால் தாம் பண ஆதாயம் அடையவில்லை, நிறுவனத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

நன்றாய்க் கவனியுங்கள். இடைவெளி தானாய் வளர்ந்தது. இறங்க முடியாத தவிப்பு உருக்கமாய்ச் சொல்லப்பட்டது. ஆனால் புலியின்மேல் ஏறியது எந்தக் காலாண்டில், எந்தத் தாளில், யாருடைய முடிவினால் என்கிற கேள்விக்கு அந்த உவமையில் இடமே இல்லை. புலி தானாய் வந்து ஒருவரை முதுகில் தூக்கிக்கொண்டு போனதைப் போல் அது கேட்கிறது. பொன்னைப் போட்டேன், கன்றுக்குட்டி வந்தது என்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

பூச்சு நிற்கவில்லை. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014 ஜூலையில், ராஜு உள்ளிட்டோர் சட்டவிரோதமாய் ஆதாயம் அடைந்தார்கள் என்று கண்டு, அதைத் திருப்பிச் செலுத்தும்படி உத்தரவிட்டது. அந்தத் தொகையின் அளவு பின்னர் மேல்முறையீடுகளில் மாறியது. 2015 ஏப்ரல் 9ஆம் தேதி ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவரையும் மற்ற ஒன்பது பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்து, அவருக்கு 7 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டின் பேரில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது.

முந்திப் பிறக்கும் சாக்கு

சாக்கு என்பது குற்றம் செய்த பின்பு பிடிபட்டவன் தேடுகிற மறைவிடம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க சமூகவியலாளர் டொனால்ட் கிரெசி இதற்கு மாறான ஒன்றைக் கண்டார். நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களைச் சந்தித்துப் பேசி, 1953இல் ஒரு நூலை வெளியிட்டார். அவர்கள் பெரும்பாலும் பழகிய திருடர்கள் அல்லர். பிறர் நம்பும்படி நடந்துகொண்ட மனிதர்கள். வெளியே சொல்ல முடியாத ஒரு பணநெருக்கடி, யாருக்கும் தெரியாமல் எடுக்கும் வாய்ப்பு, இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றும் தேவைப்பட்டது. அது அவர்கள் தங்களுக்குள்ளே சொல்லிக்கொண்ட ஒரு வாக்கியம். "திருடவில்லை, கடனாகத்தான் எடுக்கிறேன்" என்பது அவற்றில் ஒன்று. அந்த வாக்கியம் கை பணத்தைத் தொடுவதற்கு முன்பே பிறந்துவிடுகிறது என்பதே கிரெசி கண்ட முக்கியமான காரியம்.

பிரியமானவர்களே, இதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். சாக்கு குற்றத்தை மூடுகிற போர்வை மாத்திரம் அன்று. குற்றம் உள்ளே நுழையும்படி திறந்துவிடுகிற கதவும் அதுவே. சீட்டுப்பணம் கையில் இருக்கிறவர், "மாதக் கடைசியில் வைத்துவிடலாம்" என்று நினைத்த அந்த நிமிஷத்தில் பணம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் கதவு திறந்தாயிற்று. சபையின் கட்டட நிதிக் கணக்கை எழுதுகிற சகோதரரும், கடையில் கல்லாவில் உட்காருகிற தம்பியும் இந்த நிமிஷத்தை அறிவார்கள்.

ஊரை விட்டுப் பட்டணம் வந்தவர்களுக்கு இந்த வாக்கியங்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. "இது பெங்களூர், ஊர் மாதிரி இருக்க முடியாது." "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்." "கம்பெனிக்கு இது ஒரு தொகையா?" குடியிராத வீட்டுக்கு வாடகை ரசீது வாங்கி வரியைக் குறைக்கிறோம். இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் வாங்குகிறோம். "வேலை செய்யும் திறமை இருக்கிறதே, தாள்தானே பொய்" என்று தேற்றிக்கொள்ளுகிறோம். 2022 நவம்பரில் அக்சென்சர் நிறுவனம் இந்தியாவில், போலி நிறுவனங்களின் ஆவணங்களையும் அனுபவக் கடிதங்களையும் காட்டி வேலை பெறும் முறைகேட்டைக் கண்டுபிடித்ததாகவும், அவற்றைப் பயன்படுத்தியதாக உறுதியானவர்களை வெளியேற்றியதாகவும் அறிவித்தது. அவர்களில் எத்தனை பேர் தங்களைப் பொய்யர் என்று எண்ணியிருப்பார்கள்? தாளை வாங்கப் பணம் கொடுப்பதற்கு முன்பே, தங்களுக்கு ஒரு நியாயத்தை வாங்கி வைத்திருப்பார்கள். உண்மையான சான்றிதழோடு வெளியே வரிசையில் காத்திருந்து வேலை கிடைக்காமல் திரும்பிப்போன இன்னொரு வீட்டுப் பிள்ளை அந்த நியாயத்தில் கணக்கிடப்படவில்லை.

வீட்டுக்குள் நிற்கிற சுவர்

பணக்காரியத்தைக் காட்டிலும் கொடியது வீட்டுக்குள் இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில் ஒரு கேள்வி கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போதல், வீட்டையோ பிள்ளைகளையோ கவனியாதிருத்தல், எதிர்த்து வாதாடுதல், சரியாய்ச் சமையாதிருத்தல், மாமனார் மாமியாருக்கு மரியாதை காட்டாதிருத்தல் முதலிய ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் எதற்காகவாவது கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். கர்நாடகத்தில் ஏதேனும் ஒரு காரணத்துக்காக அது நியாயமே என்று சொன்ன பெண்கள் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகம். ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அப்படிச் சொன்னார்கள்.

அடிக்கிற கை இன்னும் ஓங்கப்படவில்லை. காரணங்கள் ஏழும் அதற்குள் ஆயத்தமாய் இருக்கின்றன. அடிபடுகிறவளே அந்தக் காரணங்களை மனப்பாடமாய் வைத்திருக்கிறாள் என்பதுதான் நெஞ்சை உடைக்கிற காரியம். "ராத்திரி ஷிப்ட், தூக்கம் இல்லை, அதனால்தான் கோபம் வந்துவிட்டது, பாஸ்டர்" என்று கணவன் சொல்லுகிறான். "நானும் கொஞ்சம் வாய் பேசிவிட்டேன், ஐயா" என்று மனைவி சொல்லுகிறாள். சில சமயங்களில் சபையும் சாந்துச் சட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுகிறது. சாட்சி கெட்டுப்போகும், ஊருக்குத் தெரிந்தால் அவமானம், பொறுத்துப்போ தங்கச்சி என்று ஆலோசனை சொல்லி அவளை அதே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். குற்றம் செய்தவனுக்காக மற்றவர்கள் சொல்லுகிற சாக்கு, அவனே சொல்லுவதைவிட அதிகத் தீங்கு செய்கிறது. ஏனெனில் அடிபட்டவளுக்கு அதற்குப் பின் போவதற்கு இடம் இல்லை.

அதே கணவன் அதே களைப்போடு அலுவலகத்தில் மேலாளரிடம் திட்டு வாங்குகிறபோது கையை ஓங்குவதில்லை. அப்படியானால் கை தானாய் நீளவில்லை. யாரிடத்தில் நீட்டலாம், யாரிடத்தில் கூடாது என்பதை அது அறிந்தே நீண்டது. 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிற குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், அடியை மாத்திரமல்ல, வசைச்சொல்லையும் பணத்தைப் பிடுங்கி வைப்பதையும் வன்முறை என்றே எண்ணுகிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை ஒவ்வொரு சபையின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைப்பது விசுவாசக் குறைவாகாது.

சூழ்நிலைக்கு இடமே இல்லையா?

உண்டு. அதை மறுத்தால் நாம் இரக்கமற்றவர்களாய்ப் போவோம். பகையில்லாமல் கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன் ஓடி ஒதுங்கும்படி, இஸ்ரவேலில் ஆறு அடைக்கலப் பட்டணங்கள் குறிக்கப்பட்டன (எண். 35). பசிக்காகத் திருடினவனை ஜனங்கள் இகழமாட்டார்கள் என்று நீதிமொழிகள் ஒத்துக்கொள்ளுகிறது, ஆனாலும் பிடிபட்டால் ஏழுமடங்கு கொடுக்கவேண்டும் என்று உடனே சேர்த்துச் சொல்லுகிறது (நீதி. 6:30-31). இரக்கமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் அப்படியே. கடுமையான, திடீரென்ற சினமூட்டலால் நிலைதவறிக் கொன்றவனுக்குக் கொலைக்குற்றத்தின் கனம் குறையலாம் என்பது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. அதிலே ஒரு நிபந்தனை உண்டு. குற்றவாளி தானே தேடிப்போய் வரவழைத்துக்கொண்ட சினமூட்டலாய் அது இருக்கக்கூடாது. தானே ஏறின புலியைச் சாக்காகக் காட்ட முடியாது என்பதே இதன் பொருள்.

ஆகவே கேள்வி, சூழ்நிலை உண்டா இல்லையா என்பதல்ல. அதை யார் சொல்லுகிறார் என்பதே. கனத்தைக் குறைக்கிற அதிகாரம் நியாயம் விசாரிக்கிறவருக்கு உண்டு; தீங்கு அனுபவித்தவருக்கு உண்டு. தீங்கு செய்தவர் தராசைத் தம் கையில் எடுத்துக்கொண்டு தாமே தம்மை நிறுத்துப்பார்த்தால், அங்கே நிறை எப்போதும் குறைந்தே காட்டும்.

கனத்தோடு சொல்லுகிற அறிக்கை

தாவீதும் முதலில் பூசி மெழுகினவரே. உரியாவைச் சாகும் இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டு, அவன் மாண்ட செய்தி வந்தபோது, பட்டயம் ஒருவனையும் மற்றொருவனையும் ஒருபோலப் பட்சிப்பது வழக்கந்தான் என்று யோவாபைத் தேற்றச் சொல்லியனுப்பினார் (2 சாமு. 11:25). கொன்றது பட்டயம், கடிதம் எழுதிய கை அங்கேயும் காணாமற்போயிற்று. நாத்தான் வந்து அந்த மனிதன் நீரே என்று காட்டின பின்போ, தாவீதின் பதிலில் பட்டயமும் இல்லை, பத்சேபாளும் இல்லை, யுத்தமும் இல்லை. தாம் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவம் செய்ததை மாத்திரம் சொன்னார் (2 சாமு. 12:13). சவுலோ, பாவம் செய்தேன் என்று சொன்ன பின்பும் ஜனங்களுக்குப் பயந்ததைக் காரணம் காட்டினார்; மூப்பர்களுக்கு முன்பாகத் தம்மைக் கனப்படுத்தும்படியும் கேட்டுக்கொண்டார் (1 சாமு. 15:24, 30).

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அறிக்கைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. செய்ததைச் சொல்லவேண்டும், முதலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டவேண்டும், அதை யாருக்குத் தீங்கு செய்தானோ அவனிடத்திலேயே செலுத்தவேண்டும் (எண். 5:7). ஜெபத்தில் அழுதுவிட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுவதற்கு அங்கே வழி இல்லை. சகேயுவும் வரிவசூல்காரரின் பிழைப்பு அப்படிப்பட்டது என்று விளக்கம் சொல்லவில்லை, நாலத்தனை திரும்பச் செலுத்துவதாகச் சொன்னார் (லூக். 19:8).

இந்த மாதத்தில் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது இதைச் சேர்ந்து செய்துபாருங்கள். சொல்லவேண்டிய காரியம் ஏதேனும் இருந்தால் அதை "நான்" என்று தொடங்குங்கள். "உடைந்தது" என்று வாயில் வருவதை "உடைத்தேன்" என்று மாற்றிச் சொல்லுங்கள். "ஆனால்" என்ற சொல் வருமுன் வாக்கியத்தை முடித்துவிடுங்கள். எவ்வளவு, யாருக்கு, எப்போது திருப்பிக் கொடுப்போம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் "உடைத்துவிட்டேன்" என்று உண்மையைச் சொல்லுகிற நாளில் அடியாதேயுங்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்க அவர்களுக்குத் துணைநில்லுங்கள். உண்மை சொன்னால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, வளர்ந்த பின் பூசி மெழுகுவதில் தேர்ச்சி பெற்றுவிடும்.

இன்னும் செய்யாத ஒரு காரியத்துக்கு மனதில் நியாயம் ஓடத் தொடங்கும்போது அங்கேயே நின்றுவிடுங்கள். அந்த நிமிஷத்தில் பணம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. கை இன்னும் ஓங்கப்படவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியின் சாவியை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.